கேள்வி – பதில்: சீன எழுத்தில் எந்தக் கோடு முதலில்?

கேள்வி: என் காக்கா (அண்ணன்) வியாபார நிமித்தமாகச் சீனாவின் குவாங்சோ நகருக்குப் போய்வருகிறார். நான் வீட்டிலிருந்தபடியே செல்பேசிச் செயலி ஒன்றில் சீன எழுத்து பழகுகிறேன். எழுதி முடித்த எழுத்து அச்சில் உள்ளது போலவே இருந்தாலும், கோடுகளின் வரிசை தவறு என்று செயலி சிவப்புக் காட்டுகிறது. வடிவம் சரியாக வந்தால் போதாதா?
– வாசகி, கீழக்கரை

பதில்: போதாது. தங்களுக்குச் சிவப்பு விழும் இடங்களுள் ஒன்று, 'வாய்' என்னும் பொருள்தரும் பெட்டி வடிவ எழுத்தாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். 'ப' எழுதிப் பழகிய நம் கை இடப்பக்கம் இறங்கி, அடியில் வலப்புறம் ஓடி, எடுக்காமலேயே மேலேறிவிடும். அதன்மேல் ஒரு கோடு போட்டால் பெட்டி ஆகிவிட்டது என்று நாம் நிறைவடைந்துவிடுகிறோம். சீனர்கள் அதே பெட்டியை மூன்று கோடுகளால் எழுதுகிறார்கள். முதலில் இடப்பக்கக் கோடு மேலிருந்து கீழே வரும். அடுத்தது மேல் விளிம்பில் இடமிருந்து வலமாகச் சென்று, மூலையில் மடங்கி, வலப்பக்கமாகக் கீழே இறங்கும் (மடங்கினாலும் அது ஒரே கோடுதான்). அடிக்கோடு கடைசியில் வரும். வலப்பக்கம் மேல்நோக்கி ஏறுவதே இல்லை.

இதை வெறும் சம்பிரதாயம் என்று ஒதுக்கிவிட முடியாது. சீனர்கள் வேகமாக எழுதும்போது தனித்தனிக் கோடுகள் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன; அந்த இணைப்பு வரிசையை ஒட்டியே அமைவதால், வரிசை மாறினால் வேறொரு வடிவம் உருவாகி, படிப்பவர் தடுமாறுவார். செல்பேசியில் கோடுகளைத் தட்டி எழுத்தைத் தேடும் முறை ஒன்றும் அங்கே உண்டு. படுக்கைக் கோடு, நிற்கும் கோடு, இடச்சாய்வு, புள்ளி, மடங்கும் கோடு என்னும் ஐந்து விசைகளை வரிசைப்படி தட்ட வேண்டும் என்பதால், முதல் கோட்டிலேயே பிசகினால் தேடும் எழுத்து கண்ணில் படாது.

மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், குறுக்கிடும் இடத்தில் படுக்கைக் கோடு முந்தி என்பவை பொதுவிதிகள். 'நீர்' என்னும் எழுத்து இதற்கு விலக்கு. அதில் நடுக்கோட்டை முதலில் இறக்கிவிட்டு, பிறகே இடமும் வலமும் எழுத வேண்டும். 'நாடு' என்பதற்கான எழுத்தில் பெட்டியின் மூன்று பக்கங்களை எழுதி, உள்ளே இருப்பதை முழுவதும் முடித்து, அதற்குப் பின்னரே அடிப்பக்கத்தை மூட வேண்டும். ஆட்கள் உள்ளே போன பிறகு கதவைச் சாத்து என்று சீன ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

கேள்வி: 'வயல்' என்னும் எழுத்தின் பெட்டிக்குள் ஒரு காணொலியில் படுக்கைக் கோடு முதலில் வருகிறது, வேறொன்றில் நிற்கும் கோடு முதலில் வருகிறது. யாரை நம்புவது?
– வாசகர், மண்டபம்

பதில்: இரண்டாவது காணொலி ஜப்பானிய மொழி கற்பவர்களுக்காக எடுக்கப்பட்டதாக இருக்கலாம். சீனாவில் உட்புறப் படுக்கைக் கோடு முந்தும். ஜப்பானில் நிற்கும் கோடு முந்தும். அடிக்கோடு இரு நாட்டிலும் கடைசிதான். சீன அரசு 1997-இல் 7,000 எழுத்துகளுக்குக் கோட்டு வரிசையை வரையறுத்தது. 2021-இல் நடைமுறைக்கு வந்த புதிய வரையறை 8,105 எழுத்துகளுக்கு உரியது. தாங்கள் கற்பது சீன மொழியானால் அதையே பின்பற்றுங்கள். இரண்டையும் கலந்து பழகினால் கை எந்த வரிசையிலும் நிலைக்காது.

கேள்வி: அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்த ஊர் எங்களுடையது. அந்த ஆர்வத்தில் எழுதிப் பழக விரும்புகிறேன். தூரிகையும் மையும் வாங்க வேண்டுமா?
– வாசகர், பெரியபட்டினம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று போதும். நான்கு கட்டங்களைச் சேர்த்து ஓர் எழுத்துக்கு ஒதுக்குங்கள். சீனப் பள்ளிப் பிள்ளைகள் பழகும் ஏடும் இப்படித்தான் குறுக்கும் நெடுக்குமாக நான்காகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கோடும் எந்தக் கால்பகுதியில் தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பார்த்து எழுதினால் எழுத்து ஒரு பக்கமாகச் சாயாது. தூரிகை பிடிக்கும் ஆசை பிற்பாடு வந்தால் 'யோங்' என்னும் எழுத்திலிருந்து தொடங்குங்கள். 'என்றென்றும்' என்னும் பொருளுடைய அதில் எண்ணிக்கைக்கு ஐந்து கோடுகளே உள்ளன. ஆனால் தூரிகைக் கலைஞர்கள் அவற்றுக்குள் எட்டு அடிப்படை அசைவுகளைப் பிரித்துக் காட்டிப் பயிற்சி தருகிறார்கள்.