லாரி வராத பைன் காட்டுப் பாதை

கேள்வி: எனக்கு வயது 54, கணவருக்கு 60. எங்கள் மகன் பார்சிலோனாவில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்கப் போகும்போது, ஸ்பெயினின் உட்பகுதியில் பைன் காடுகளின் ஊடே இரண்டு மூன்று நாள் சைக்கிளில் செல்ல வேண்டும் என்பது எங்கள் இருவரின் ஆசை. கணவர் வடக்கே சோரியா, பூர்கோஸ் பகுதிக் காடுகளை வரைபடத்தில் குறித்து வைத்துக்கொண்டு, "கிராமத்துச் சாலைதானே, வண்டியே வராது" என்கிறார். எனக்கோ பின்னால் லாரிச் சத்தம் கேட்டாலே கை நடுங்கும். சமதரையில் நாளுக்கு 30 கிலோமீட்டர் ஓட்டுவேன். ஏற்றம் என்றால் முழங்கால் வலிக்கும். நாங்கள் சைவம், முட்டை சாப்பிடுவோம். இது எங்களால் ஆகிற காரியமா? எங்கே, எப்போது போகலாம்? – வாசகி, கோவை.

பதில்: அன்புச் சகோதரிக்கு,

தாராளமாக ஆகும். ஆனால் சாலையில் வேண்டாம். ரயில் ஓடிய தடத்தில் செல்லுங்கள். ஸ்பெயினில் கைவிடப்பட்ட ரயில் பாதைகளை, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் உரிய வழிகளாக மாற்றும் திட்டம் 1993-இல் தொடங்கியது. 'வியா வெர்தெ' என்று அந்நாட்டவர் அழைக்கும் இவ்வழிகள் இன்று எல்லாமாகச் சேர்ந்து 3,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டன. நீராவி இன்ஜினால் செங்குத்தான ஏற்றத்தில் ஏற முடியாது என்பதால் அந்தக் காலத்துப் பொறியாளர்கள் மலையைக் குடைந்தும் பள்ளத்தாக்குகளின் குறுக்கே பாலம் கட்டியும் தடத்தை ஏறத்தாழச் சமமாகக் கொண்டுபோனார்கள். இன்ஜினுக்காகப் பட்ட அந்தப் பாடு இன்று உங்கள் முழங்காலுக்கு உதவுகிறது. 100 மீட்டர் தூரத்துக்கு இரண்டு அல்லது மூன்று மீட்டர் ஏறினால் அதுவே இவ்வழிகளில் பெரிய ஏற்றம்.

உங்கள் கணவர் குறித்து வைத்திருக்கும் காடுகளை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சோரியாவுக்கும் பூர்கோஸுக்கும் இடையே உள்ளது நாட்டின் மிகப் பெரிய தொடர் பைன் காடுகளில் ஒன்று. அங்குள்ள சில ஊர்களில் காட்டு மரத்தின் வருமானத்தில் ஊர்க் குடும்பங்களுக்குப் பங்கு உண்டு என்ற பழைய உரிமை இன்றும் நடப்பில் இருக்கிறது. ஆனால் அது கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேற்பட்ட நிலம் என்பதால் மே மாதத்து இரவிலும் நன்றாகவே குளிரும். கிராமத்துச் சாலையில் வண்டிகள் குறைவு என்று அவர் சொல்வது உண்மைதான் என்றாலும், வருகிற ஒன்றிரண்டும் சாலை காலியாக இருக்கிறது என்ற தைரியத்தில் வேகமாக வரும். மரம் வெட்டும் சீமையில் அந்த ஒன்று லாரியாகவே இருக்கலாம். சைக்கிளை முந்தும் வண்டி குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று ஸ்பெயினில் சட்டம் இருக்கிறது, ஆனால் நடுங்குகிற கைக்குச் சட்டம் ஆறுதல் சொல்லாது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது, பார்சிலோனாவுக்குத் தெற்கே, கத்தலோனியாவின் தெர்ரா ஆல்ட்டா பகுதியில் தொடங்கி எப்ரோ ஆற்றங்கரையில் உள்ள டோர்ட்டோசா நகரில் முடியும் வால் தெ சாஃபான் தடம். இந்த ரயில் பாதையின் முதல் பகுதி 1895-இல் திறக்கப்பட்டது. டோர்ட்டோசாவை எட்ட 1940-களின் தொடக்கம் ஆகிவிட்டது. போதிய வருமானம் இல்லாமல் நொடித்துக் கிடந்த பாதையில் 1973-இல் ரயில் நின்றுபோனது. உள்நாட்டுப் போரின் மிகக் கொடிய சண்டைகளில் ஒன்றான 1938-ஆம் ஆண்டின் எப்ரோ போர் இந்த மலைகளில்தான் நடந்தது என்பதை, இன்று பாதாம் தோப்பும் திராட்சைத் தோட்டமுமாக இருக்கும் நிலத்தைப் பார்த்து ஊகிப்பது கடினம்.

கத்தலோனியப் பகுதியின் மேல் முனையான ஆர்னெஸ்-யெதோ நிலையத்திலிருந்து டோர்ட்டோசா வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர், பெரும்பாலும் மெல்லிய இறக்கம். நல்ல உடல்வலு உள்ளவர்கள் ஒரே பகலில் முடித்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். முதல் நாள் போட் என்ற ஊர் வரை மட்டும் செல்லுங்கள். வழியில் வரும் ஓர்ட்டா தெ சான் ஜுவான், பிக்காசோ இளைஞராக 1898-லும் மீண்டும் 1909-லும் வந்து தங்கிய ஊர். ஊர் குன்றின் மேலும், ரயில் நிலையம் வெகு தூரம் தள்ளிப் பள்ளத்திலும் இருப்பதால், முழங்கால் இடம் கொடுத்தால் மட்டும் ஏறுங்கள். போட் அப்படியல்ல, தடத்தை ஒட்டியே இருக்கிறது. மறுநாள் போட்டிலிருந்து கனலெட்டஸ் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாக இறங்கும் பகுதிதான் முழுப் பயணத்தின் சிறந்த பகுதி என்பேன். இரு பக்கமும் சுண்ணாம்புப் பாறை, பாறையிடுக்கில் எல்லாம் அலெப்போ பைன். இது நெடிது நிமிர்ந்து நிற்கும் மரமல்ல. சாம்பல் நிறத் தண்டு வளைந்து, ஊசியிலைகள் அடர்த்தியின்றி இருக்கும். நிழலும் அப்படியே சல்லடையாக விழும் என்பதால், காட்டுப் பாதைதானே என்று தொப்பியை மறந்துவிடாதீர்கள். வெயில் ஏறிய பிறகு பிசின் மணம் எழும். நடுவில் ஃபோன்ட்கால்டா என்னும் கோயிலும், ஏறத்தாழ 28 டிகிரி வெப்பத்தில் சுரக்கும் ஊற்றும் ஆற்றோரத்தில் இருக்கின்றன; தடத்திலிருந்து அங்கே இறங்கும் வழி செங்குத்தானது, சைக்கிளை நிறுத்திவிட்டு நடந்தே இறங்குங்கள்.

இந்தத் தடத்தில் பயப்பட வேண்டியது சுரங்கங்களுக்குத்தான். தெர்ரா ஆல்ட்டா பகுதியில் மட்டுமே இருபதுக்கு அருகில் இருக்கின்றன. சில வளைந்து செல்வதால் நடுவில் முன் வாயும் தெரியாது, பின் வாயும் தெரியாது. சிலவற்றில் விளக்கு உண்டு என்றாலும், அது எரியும் என்று நம்பிப் போகக் கூடாது. பளிச்சென்ற வெயிலிலிருந்து நேரே உள்ளே நுழைந்தால் சில நொடிகளுக்குக் கண் ஒன்றுமே காணாது. அந்த நேரத்தில் எதிரே கைக்குழந்தையுடன் ஒரு குடும்பம் நடந்து வரலாம். எனவே ஒவ்வொரு சுரங்க வாயிலிலும் காலை ஊன்றி நின்று, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, முன் விளக்கையும் பின் விளக்கையும் போட்டு, மணி அடித்துக்கொண்டே மெதுவாகச் செல்லுங்கள். மேலிருந்து சொட்டும் குளிர்ந்த நீர் கழுத்தில் விழும்போது கைப்பிடியை வெடுக்கென்று திருப்பிவிடாதீர்கள்.

வண்டியே இல்லாத பாதை என்று நான் சொன்னாலும், தோப்புக்காரரின் டிராக்டர் எப்போதாவது குறுக்கே வரும். சில இடங்களில் தடம் சாலையைக் கடக்கும். தரை சில இடங்களில் தார், சில இடங்களில் இறுகிய மண்ணும் பொடிக்கல்லும். ஆகவே 40 மில்லிமீட்டர் அளவுக்குக் குறையாத டயர் உள்ள சைக்கிளாகக் கேளுங்கள். மகனின் சைக்கிள்களை ரயிலில் ஏற்றிச் செல்வதைவிட டோர்ட்டோசாவிலேயே வாடகைக்கு எடுப்பது நல்லது. சைக்கிளையும் உங்களையும் வேனில் ஏற்றி மேல் முனையில் இறக்கிவிடும் கடைகள் அங்கே இருக்கின்றன. பார்சிலோனாவிலிருந்து டோர்ட்டோசாவுக்கு நேரடி ரயில் உண்டு. உங்களுக்கு மட்டும் மின்சார சைக்கிள் எடுத்துக்கொள்ள யோசிக்க வேண்டாம், அதில் கௌரவக் குறைச்சல் ஏதுமில்லை.

காலம் என்று கேட்டால், ஏப்ரல் பிற்பாதியும் மே மாதமும், அல்லது அக்டோபர். ஜூலை, ஆகஸ்ட் கூடவே கூடாது. கோவைக்காரர்களுக்கு வெயில் புதிதில்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். நான் அஞ்சுவது வெயிலுக்கு அல்ல, தீக்கு. பைன் காடு காய்ந்த நிலையில் தீப்பெட்டி போல. 2022 ஆகஸ்டில் இதற்குத் தெற்கே காஸ்தெயோன் மாகாணத்தின் பெஹீஸ் காட்டுத்தீ ஓடிக்கொண்டிருந்த பயணிகள் ரயிலையே எட்டி, பதறி இறங்கியவர்கள் தீக்காயம் பட்டார்கள். கோடையில் காட்டு வழிகளை அதிகாரிகள் மூடுவதும் உண்டு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வேறொரு தொல்லை. பைன் மரக்கிளைகளில் பஞ்சுப் பொதி போல வெள்ளைக் கூடுகள் தெரிந்தால் அவை ஊர்வலப் புழுவின் கூடுகள்; அப்புழுக்கள் கீழே இறங்கி, ஒன்றன் வாலை ஒன்று தொட்டபடி வரிசையாகத் தரையில் நகரும். அவற்றின் நுண்ணிய மயிர் தோலிலும் கண்ணிலும் பட்டால் கடும் அரிப்பு, சிலருக்கு மூச்சுத் திணறலும் வரும். அந்த மரத்தடியில் துண்டு விரித்து உட்காராதீர்கள்.

சாப்பாட்டுக்குத் திண்டாட வேண்டியதில்லை, ஆனால் நேரத்துக்குப் போக வேண்டும். பகல் உணவு ஒன்றரை மணிக்கு மேல்தான், இரவு உணவு எட்டரைக்கு மேல்தான். இடையில் அடுப்பு அணைந்திருக்கும். முட்டை சாப்பிடுவதால் உருளைக்கிழங்கு அடை உங்களுக்கு எங்கும் கிடைக்கும். தக்காளி தேய்த்த ரொட்டியும், சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும் ஆலிவ் எண்ணெயில் ஊறிய எஸ்கலிவாதாவும் இந்தப் பகுதியின் சொந்த உணவுகள். பருப்பு, அவரை வகைகளில் பன்றி இறைச்சித் துண்டு மறைந்திருக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். ஊருக்கு ஊர் தூரம் இருப்பதால் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம்.

கணவருக்கு இது போதாது என்று தோன்றினால், அவர் ஒரு நாள் முன்னதாக, பக்கத்து ஆரகோன் பகுதியில் உள்ள வால்தெயல்கோர்ஃபாவிலிருந்து இதே தடத்தின் மேற்பகுதியைத் தனியே ஓட்டிக்கொண்டு வந்து ஆர்னெஸ்-யெதோவில் உங்களோடு சேர்ந்துகொள்ளட்டும். அவ்வூர் அருகே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நூல் பிடித்தாற்போல் செல்லும் ஒரு சுரங்கம் உண்டு. பகலும் இரவும் சமமாகும் நாட்களில் உதய சூரியனின் ஒளி அதன் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஊடுருவும். அவருக்குக் கொஞ்சம் சாகசம், உங்களுக்கு ஒரு நாள் ஓய்வு.

போட் ஊரில் தங்கும் இடங்கள் மிகக் குறைவு. ஈஸ்டர் வாரத்தில் உள்ளூர்க் குடும்பங்களே நிரப்பிவிடும். முதலில் அங்கே அறையை உறுதி செய்துகொண்டு, அந்தத் தேதிக்கு வேனைப் பேசி, அதன் பிறகு ரயில் டிக்கெட் எடுங்கள்.