கொழுப்பு எந்த இடத்தில் தங்கியிருக்கிறது? அல்ட்ராசவுண்ட் அளவு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: வீட்டு எடை மெஷினே கொழுப்புச் சதவீதம் காட்டுகிறதே, அல்ட்ராசவுண்ட் எதற்கு?

பதில்: அந்த மெஷின் உடலுக்குள் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி மொத்தக் கணக்கை ஊகிக்கிறது. கொழுப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று அது சொல்லாது, அல்ட்ராசவுண்ட் சொல்லும். ஒரே எடையுள்ள இருவரில் ஒருவருக்குத் தொடையில் தோலுக்கடியில் கொழுப்பு சேர்ந்திருக்கும், மற்றவருக்குக் குடலைச் சுற்றி. சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் அதிகம் பயப்பட வேண்டியவர் இரண்டாமவர்.

கேள்வி: போன மாதம் ஸ்கேனில் வயிற்றுத் தோலடிக் கொழுப்பின் தடிமன் 22 மி.மீ. என்றார்கள், இன்று 17. சாப்பாடு, உடற்பயிற்சி எதையும் மாற்றவில்லை. எப்படிக் குறைந்தது?

பதில்: கொழுப்பு குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை, ப்ரோபை, அதாவது உடலில் வைத்துப் படமெடுக்கும் கைக்கருவியை, அழுத்திய விதம்தான் மாறியிருக்கும். தோலடிக் கொழுப்பு பஞ்சு மாதிரி. கொஞ்சம் அழுத்தினாலே சில மில்லிமீட்டர் அமுங்கிவிடும். அதனால் ஜெல்லைத் தாராளமாகத் தடவி, ப்ரோப் தோலில் படாமல் ஜெல்லின் மேலேயே நிற்கும்படி பிடிக்க வேண்டும். அப்படி எடுத்த படத்தில் தோலுக்கு மேலே கறுப்புப் பட்டை ஒன்று தெரியும். அந்தப் பட்டை இல்லாத படத்தை நான் அளக்கவே மாட்டேன், திரும்ப எடுப்பேன். அப்புறம் இடம்: தொப்புளிலிருந்து எந்தப் பக்கம், எத்தனை செ.மீ. தள்ளி என்று எழுதி வைக்காவிட்டால் அடுத்த முறை வேறு இடத்தை அளந்துவிடுவார்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்டு நிறுத்திய நிலையில் அளப்பதும் முக்கியம். இரண்டு முறையும் இவை ஒரே மாதிரி இருந்தனவா என்று கேளுங்கள். கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

கேள்வி: குடலைச் சுற்றியுள்ள கொழுப்பையும் அளக்க முடியுமா?

பதில்: ஓரளவுக்கு முடியும். 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் (ஒலியின் அதிர்வெண்) வரையிலான வளைந்த ப்ரோபால், வயிற்றுச் சுவரின் உட்பக்கத்திலிருந்து முதுகெலும்புக்கு முன்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனியின் முன்சுவர் வரை உள்ள தூரத்தை அளப்போம். அந்தத் தூரத்துக்குள் குடலும் அடங்கும் என்பதால் இது தோராயமான அளவுதான். வாயு இருந்தால் படம் மறைந்துவிடும், அதனால் வெறும் வயிற்றோடு வாருங்கள். அதே ஸ்கேனில் கல்லீரலையும் பார்த்துவிடலாம். வலது சிறுநீரகத்தைவிட அது வெளுப்பாகத் தெரிந்தால் கொழுப்பு படிந்திருக்க வாய்ப்பு உண்டு. லேசான படிவு இதில் தப்பிவிடும்.

கேள்வி: கர்ப்பிணிகள் எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுக்கலாம். இதில் எக்ஸ்ரே கிடையாது.

கேள்வி: ஸ்கேன் மெஷின் காட்டும் மில்லிமீட்டர் சரியானதா?

பதில்: கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். ஒலி உள்ளே போய் எதிரொலித்துத் திரும்பும் நேரத்தை வைத்துத்தான் அது தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒலி நொடிக்கு 1540 மீட்டர் போகிறது என்று மெஷின் வைத்துக்கொள்கிறது, கொழுப்பிலோ அது சுமார் 1450 மீட்டர்தான். 20 மி.மீ. என்று காட்டினால் உண்மையில் 18.8 போல இருக்கும். ஒவ்வொரு முறையும் இதே விகிதத்தில் கூடுவதால் முன்பின் ஒப்பிட இடைஞ்சல் இல்லை.

கேள்வி: சதவீதமாக எழுதித் தருவீர்களா?

பதில்: கேட்டால் தருவேன். ஆனால் அது சில இடங்களின் தடிமனைச் சூத்திரத்தில் போட்டு வருகிற மதிப்பீடு. சூத்திரத்தை மாற்றினால் சதவீதமும் மாறும். ஒவ்வொரு இடத்தின் மில்லிமீட்டர் அளவையும் படத்தோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த ஸ்கேனுக்கு வரும்போது அதைத்தான் எடுத்து வைத்துப் பார்ப்பேன்.