துருவின் மேலேயே எபாக்சி பூசலாமா?

கேள்வி: எங்கள் அடுக்ககத்துக்கு 25 வயது. மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்களில் காலையில் முதல் தண்ணீர் பழுப்பாக வருகிறது. குழாயைப் பிரிக்காமல், உள்ளே துருவின் மேலேயே எபாக்சியை (இறுகிப் படலமாகும் பிசின் பூச்சு) ஊதிப் பூசி, பத்து ஆண்டு உத்தரவாதமும் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: வேண்டாம். துரு எவ்வளவு கெட்டியாகத் தெரிந்தாலும் ஏடு ஏடாகத்தான் படிந்திருக்கும். அதன் மேல் பூசும் எபாக்சி துருவைத்தான் பிடித்துக்கொள்ளும். ஏடு கழன்றால் பூச்சும் கூடவே கழன்று, கீழ்வீட்டு எல்போவில் (குழாய் திரும்பும் மூட்டு) போய் அடைக்கும். போர்வெல் தண்ணீர் ஓடிய குழாயென்றால் துருவுக்கடியில் குளோரைடு உப்பும் தங்கியிருக்கும். எபாக்சிக்குள்ளும் ஈரம் மெல்ல ஊடுருவும். உப்பு அதை உறிஞ்சிக் கொப்புளம் கட்டிவிடும்.

முதலில் குழாய் தேறுமா என்று பாருங்கள். ஒரு எல்போவோடு சேர்த்து ஓரடி வெட்டி, நீளவாக்கில் பிளக்கச் சொல்லுங்கள். நீலப் பட்டை போட்ட நடுத்தர வகை அரை அங்குலக் குழாயின் சுவர் புதிதிலேயே 2.6 மி.மீ. மரை வெட்டிய இடத்தில் ஏறத்தாழ பாதிதான் மிஞ்சும்; துருவைத் தடுக்கும் துத்தநாகப் பூச்சும் அங்கே இல்லாமல் போய்விடும். முதலில் ஓட்டை விழுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். மரை அரித்திருந்தால் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய்க்கு மாறிவிடுங்கள். எபாக்சிப் படலம் குழாய்க்குப் பலம் தராது.

தேறினால், வால்வு, மீட்டர், டேப் எல்லாவற்றையும் கழற்றி, நல்ல தண்ணீரால் அலசி, சூடான காற்றால் உலர்த்த வேண்டும். பிறகு கம்ப்ரசர் காற்றோடு கார்னெட் என்ற கடினமான மணலைச் செலுத்தி, வெறும் இரும்பு சாம்பல் நிறத்தில் தெரியும்வரை தேய்த்து, தூசியை ஊதிவிட்டு, அன்றே பூச வேண்டும். கடலோர ஊர்களில் ஓரிரவு விட்டாலே துரு திரும்பிவிடும்.

செலவும் உழைப்பும் இந்தச் சுத்தத்தில்தான். ஆனால் கொட்டேஷனில் அது 'சுத்தம் செய்து பூசுதல்' என்று ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்று அசோசியேஷன்களும் அலுவலகங்களும் பிடிவாதம் பிடிக்கின்றன. பிறகு மணலடிக்கும் வேலையை விட்டுவிட்டு பெயின்ட்டை மட்டும் ஊற்றுபவர்தானே வருவார்?

சிலர் 'ரஸ்ட் கன்வர்ட்டர்' (துருவை வேறு படலமாக மாற்றும் ரசாயனம்) ஊற்றினால் போதும் என்பார்கள். அது கேட், கிரில்லுக்கு உரியது. குடிநீர்க் குழாய்க்குள் விடவே கூடாது. 'குடிநீருக்கு ஏற்றது' என்று சான்றிதழ் நீட்டினால், எந்தப் பயன்பாட்டுக்கு என்று படியுங்கள். தொட்டிக்கு வாங்கிய சான்று அரை அங்குலக் குழாய்க்குப் பொருந்தாது. சிறிய குழாயில் கொஞ்சத் தண்ணீர் நிறையப் பூச்சைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். அதனால் எந்தக் குறைந்தபட்சக் குழாய் விட்டத்துக்கு ஏற்றது என்பதும் சான்றில் இருக்க வேண்டும்.

'பெரிய குடிநீர்க் குழாய்களில் துருவின் மேலேயே பூசுகிறார்களே' என்றும் வாதிடுவார்கள். உண்மைதான், ஆனால் அது சிமென்ட் சாந்து. சிமென்ட்டின் காரத்தன்மை, பி.எச். 12-க்கு மேல், இரும்பின் மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. ஆகவே இறுகிய மெல்லிய துரு இருந்தாலும் பாதகமில்லை. அங்கும் முடிச்சு முடிச்சான துருவையும் உதிரும் துருவையும் சுரண்டி எடுத்த பிறகுதான் பூசுவார்கள். சாந்து சில மில்லிமீட்டர் தடிமன். உங்கள் அரை அங்குலக் குழாயில் தண்ணீருக்கு வழியே மிஞ்சாது. எபாக்சிக்கு இந்தக் காரத்தன்மை கிடையாது.

ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை எழுதிக்கொள்ளுங்கள்: வேலை முடிந்ததும் நீங்கள் காட்டும் இரண்டு இடங்களில், ஒன்று எல்போவாக, வெட்டிக் காட்ட வேண்டும். கத்தியால் சுரண்டும்போது பூச்சுக்கடியில் பழுப்பு தெரிந்தால் மீதிப் பணம் கிடையாது. இதற்கு ஒப்பாதவருக்கு முன்பணமே கொடுக்காதீர்கள்.