பாரை விட்ட கைகள் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

பதினோரு வருடமாக சர்க்கஸில் பார் விளையாடுகிறேன், உயரத்தில் ஊஞ்சல் கம்பியை விட்டுப் பாய்கிற வித்தை. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கால் காட்சி நின்றது, இப்போது ஏழு மாதம் ஆகிறது. ஊருக்கு வந்து தையல் வேலைக்குப் போகிறேன். முன்பு புது ஐட்டம் ஒன்று மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. இப்போது யோசித்தால் ஒன்றும் வரவில்லை. வீட்டிலிருந்தே எத்தனையோ பேர் பாடுகிறார்கள், எழுதுகிறார்கள். எனக்குள் இருந்தது வற்றிவிட்டதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வீட்டிலிருந்து பாடுகிறவர்களோடு உங்களை ஒப்பிடாதீர்கள். எழுதுகிற எனக்கு ஒரு மேசை போதும். பாடகருக்குத் தொண்டை போதும். உங்களுக்கு உயரம் வேண்டும், கீழே வலை வேண்டும், எதிர் ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சரியான நொடியில் கை நீட்டும் கேட்சர் வேண்டும். உங்கள் ஐட்டத்தில் பாதி அவருடைய மணிக்கட்டில் இருந்தது. அவரும் எங்கோ தன் ஊரில் இருக்கிறார். தனியாக உட்கார்ந்து யோசித்தால் அது எப்படி வரும்?

வேலை போனதும் உங்கள் குறையால் அல்ல. மன்னார்குடியில் கிரேட் பாம்பே சர்க்கஸ் கூடாரத்தோடு முடங்கியது. கனடாவின் சர்க்கஸ் கம்பெனி சர்க் டு சோலே மார்ச்சிலேயே தன் ஊழியர்களில் சுமார் 95 சதவீதம் பேரை நிறுத்தியது, ஜூனில் கடன் தாங்காமல் நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டது. அத்தனை பெரிய கம்பெனிக்கே அந்த நிலை. தையல் கூலியில் வீட்டைத் தாங்குகிறீர்கள். அது எனக்குப் பெரிய விஷயம்.

ராம்போ சர்க்கஸ் செப்டம்பரில் காட்சியைப் படம்பிடித்து இணையத்தில் டிக்கெட் போட்டுக் காட்டியது. நல்ல முயற்சி, அதில் சிலருக்காவது சம்பளம் கிடைத்திருக்கும். ஆனால் அதைப் பார்த்து நீங்களும் போனில் ஏதாவது செய்து காட்டியே ஆக வேண்டும் என்று தவிக்காதீர்கள்.

உள்ளங்கையில் காய்ப்பு உதிர்ந்து தோல் மிருதுவாகியிருக்கும் இல்லையா? அதை மட்டும் கவனியுங்கள். பலமான கிளை ஒன்றில் தினமும் கொஞ்ச நேரம் சும்மா தொங்குங்கள். தோளுக்கும் கைப்பிடிக்கும் அது போதும். வலையும் ஆளும் இல்லாமல் கையை விடும் எதையும் செய்யாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அப்புறம், கேட்சருக்கு ஒரு போன் போடுங்கள். ஐட்டத்தைப் பற்றிப் பேச வேண்டாம், சாப்பிட்டாரா என்று கேளுங்கள்.

அந்த ஐட்டம் என்னவென்று நீங்கள் எழுதவே இல்லை. பாரை விட்டதும் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள், எத்தனை சுற்று, அவர் எங்கே பிடிக்கிறார்? ஞாபகம் இருக்கிற அளவுக்கு அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.