பெட்டியில் 71 வெள்ளி, லாபம் எவ்வளவு?

வணக்கம். கோலாலம்பூர்ச் செந்தூலில் உங்கள் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் சிராப் (இனிப்புப் பானம்) விற்றுவிட்டு, பணப்பெட்டியிலிருந்த 71 வெள்ளியும் (ரிங்கிட்) லாபம் என்று நம்புகிறார்கள் என்றீர்கள். குழப்பம் சில்லறையில்தான். சில்லறைக்காக நீங்கள் முதலில் போட்ட 20 வெள்ளியைத் தனி உறையில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மீதி 51 தான் விற்பனை: 34 கோப்பை, தலா 1.50. செலவு 26 போக லாபம் 25.

அம்மா வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய சீனிக்கும் கடைவிலை போட்டுச் செலவில் எழுத வேண்டும்; பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்.

அடுத்த முறை 40 கட்டம் போட்ட தாள் ஒன்றை மேசையில் ஒட்டுங்கள். ஒரு கோப்பை விற்றால் ஒரு கட்டத்தில் கோடு. 17வது கட்டத்துக்குப் பிறகு சிவப்புக் கோடு இழுங்கள்: 18வது கோப்பையில்தான் செலவழித்த 26 வெள்ளி மீளும். சில்லறைக்கு 50 காசு 20, ஒரு வெள்ளி நோட்டு 10 போதும். பணம் வாங்குபவரும் கட்டம் போடுபவரும் வேறு வேறு பிள்ளைகளாக இருக்கட்டும்.