கடைசிப் படகிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

வாசகர் கேள்வி – பதில்: தீவுப் பயணம்

கேள்வி: நாங்கள் மூன்று குடும்பங்கள் சேர்ந்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நெடுந்தீவைப் பார்த்துவர எண்ணியிருக்கிறோம். விடியப் புறப்பட்டால் இரவுக்குள் வீடு திரும்பலாம் என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு நாள் போதாது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எந்த மாதத்தில் போவது, எவற்றைப் பார்ப்பது, எப்படி ஒழுங்குபடுத்துவது என்று விளக்கமாக எழுதுவீர்களா?
– வாசகி, விசுவமடு

பதில்: வான் எத்தனை மணிக்கு வரும், காலைச் சாப்பாடு எங்கே என்று வீட்டு வாசலிலிருந்து கணக்குப் பார்ப்பது நம் வழக்கம். நெடுந்தீவுப் பயணத்துக்கு அந்தக் கணக்கு உதவாது. தீவிலிருந்து திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை முதலில் கேட்டறிந்து, அந்த நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள். விசுவமடுவிலிருந்து பரந்தன், ஆனையிறவு, யாழ்ப்பாணம், பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய்ச்சேர ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் பிடிக்கும். அதன்பின் கடலில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். காலைப் படகைப் பிடித்துப் பின்னேரப் படகில் திரும்புவதென்றால், தீவில் உங்களுக்குக் கிடைப்பது உச்சிவெயில் நேரம் மட்டுமே. சிறுபிள்ளைகளுடன் அந்த வெயிலில் ஓடி ஓடிப் பார்ப்பது பார்த்ததாகாது. ஆகையால் ஓர் இரவு தங்கி வருமாறே நான் சொல்வேன். தீவில் தங்குமிடங்கள் சில உண்டு, ஆனால் அவை சிறியவை. மூன்று குடும்பங்கள் முன்னறிவிப்பின்றிப் போய் நிற்கக்கூடாது. இடத்தையும் இரவுச் சாப்பாட்டையும் முன்கூட்டியே பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். படகு நேரங்கள் காற்றுக்கும் எரிபொருளுக்கும் ஏற்ப மாறுவதால், புறப்படுவதற்கு முதல் நாள் மீண்டும் ஒருமுறை விசாரிப்பது அவசியம்.

மாதத்தைப் பொறுத்தவரை, வன்னியில் வாழும் நமக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. காலபோக அறுவடை முடிந்து, நெல் காய்ந்து மூட்டையாகி, சிறுபோகத்துக்கு வயலில் இறங்குமுன் சற்று ஓய்வு கிடைக்கும் மாசிப் பிற்பகுதியும் பங்குனியும்தான் நெடுந்தீவுக் கடல் அமைதியாக இருக்கும் காலம். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மழையும் வாடைக்காற்றும் இருக்கும். வைகாசியிலிருந்து சோழகம் எனும் தென்மேற்குக் காற்று எழுந்துவிட்டால் கடல் கொந்தளிப்பாகி, படகுக்குள் தண்ணீர் தெறிக்கும். அதுமட்டுமல்ல, மாரி மழை குடித்த நிலம் மாசி, பங்குனியில் இன்னும் பசுமை காட்டும். ஆடி, ஆவணியில் போனால் காய்ந்த புல்லையும் தண்ணீர் தேடி அலையும் குதிரைகளையும்தான் காண்பீர்கள். இரண்டு திருவிழாக் காலங்களை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள். கச்சதீவு அந்தோனியார் திருவிழா மாசி, பங்குனியை அண்டியே வருவதால், அந்த நாட்களில் குறிகட்டுவானில் ஆயிரக்கணக்கான யாத்திரிகர்கள் திரண்டிருப்பார்கள். ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்திலும் அதே துறையில் கால் வைக்க இடமிருக்காது.

இனி, பார்க்க வேண்டியவை. நெடுந்தீவின் இறங்குதுறையான மாவிலித்துறையில் இறங்கியவுடன் முச்சக்கரவண்டிக்காரர்களும் சிறு வாகனக்காரர்களும் சூழ்ந்துகொள்வார்கள். எந்தெந்த இடம், எத்தனை மணித்தியாலம், எவ்வளவு கூலி என்பதை ஏறுமுன்னரே பேசி முடியுங்கள். வண்டியில் ஏறுமுன், துறைக்கு அண்மையிலுள்ள குமுதினி நினைவிடத்தில் சற்று நின்று செல்லுங்கள். 1985 மே 15ஆம் திகதி, நீங்கள் வந்த இதே கடல் வழியில் குமுதினிப் படகில் பயணம் செய்த மக்கள், குழந்தைகள் உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பிள்ளைகள் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். தீவின் ஒவ்வொரு குடும்பமும் இன்றும் அந்த வழியாகத்தான் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் போய் வருகிறது.

ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடுகள் வைத்தியசாலைக்கு அருகில் இருக்கின்றன. முருகைக் கற்களை, அதாவது பவளக் கற்களை, சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிக் கட்டிய தடித்த சுவர்கள் அவை. கூரை போய்விட்டது. ஏறி நிற்கும் பிள்ளைகளைத் தடுத்துவிடுங்கள், கற்கள் உதிர்கின்றன. அண்மையிலேயே பழைய புறாக்கூடும் உண்டு. தூது அனுப்பப் பழக்கிய புறாக்களை அங்கே வளர்த்ததாகச் சொல்வார்கள். தீவின் பெருக்கமரத்தின் (பாவோபாப்) அடியில் ஒரு வாசல்போல் பிளவு இருக்கிறது. குனிந்து உள்ளே நுழைந்தால் பல பேர் நிற்கக்கூடிய பொந்து, உள்ளே வெயில் படாத குளிர்ச்சி, கையை வைத்துப் பார்த்தால் யானைத் தோல் போன்ற மடிப்புமடிப்பான பட்டை. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்த மரத்தை அரபு வணிகர்கள் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது பரவலான கருத்து. அதன் உட்புறத்தில் பலர் தங்கள் பெயர்களைக் கத்தியால் கீறி வைத்திருப்பதைக் காணும்போது மனம் மிகவும் வருந்துகிறது. உங்கள் பிள்ளைகளின் கையில் அப்படி எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நெடுந்தீவில் என்னை எப்போதும் நிறுத்திவைப்பவை, எந்தப் பயணப் பட்டியலிலும் பெரிதாக வராத வேலிகள்தான். நம் ஊரில் கிடுகும் பனைமட்டையும் கிளுவையும் வேலியாவதுபோல, அங்கே முருகைக் கல்லே வேலி. சாந்து எதுவும் இல்லாமல், பெரிய கல்லின் இடுக்கில் சிறிய கல்லைப் பொருத்தி, நெஞ்சளவு உயரத்துக்கு அடுக்கியிருக்கிறார்கள். தெருவுக்குத் தெரு அதுவே ஓடுகிறது. வண்டியை நிறுத்தி ஒரு கல்லைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒன்றில் பூவிதழ் போன்ற வரிகள், ஒன்றில் மூளையின் சுருக்கங்கள் போன்ற கோலம், ஒன்றில் ஊசிமுனையளவு துளைகள் நெருங்கி நிற்கும். ஒரு காலத்தில் கடலுக்கடியில் உயிரோடிருந்த பவளங்கள் அவை. தீவே சுண்ணாம்புக் கல்லாலான தட்டை நிலமாதலால், தோண்டினால் கல், உழுதால் கல் என்று எடுத்ததையெல்லாம் எல்லையில் அடுக்கி, தோட்டத்தை ஆட்டிலிருந்தும் மாட்டிலிருந்தும் காப்பாற்றிக்கொண்டார்கள். உடைந்த இடத்தில் கல்லை எடுத்து வைக்கும் முதியவர் யாரையாவது கண்டால், எப்படி அடுக்குவது என்று கேளுங்கள். மகிழ்ச்சியோடு காட்டித் தருவார்கள். கல்லை மட்டும் நினைவுப்பொருளாக எடுத்துவராதீர்கள்.

குதிரைகளைப் பின்னேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இங்கு விட்டுச்சென்ற குதிரைகளின் வழிவந்தவை என்று சொல்லப்படும் இவை, தீவின் தெற்கே மரமில்லாத வெளிகளில் கூட்டம் கூட்டமாக மேய்கின்றன. ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி இங்கே குதிரை வளர்ப்பை மேற்பார்த்தார். அவர் காலத்துத் தொழுவத்தின் எச்சங்களையும் காணலாம். இந்தப் பகுதி 2015ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. படம் எடுப்பதற்காகக் குதிரைகளை வண்டியில் துரத்துவதும், பாணும் பிஸ்கட்டும் கொடுப்பதும் வேண்டாம். குட்டி தாயோடு நிற்கும் கூட்டத்தை நெருங்குவது ஆபத்து. வெயில் தாழ்ந்த பின் வண்டியைத் தூரத்தில் நிறுத்தி, பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்தால், குதிரைகள் தாமாகவே மேய்ந்துகொண்டு அண்மித்து வருவதைக் காணலாம். ஒரே நாளில் திரும்புவோருக்கு இந்தக் காட்சி கிட்டுவது அரிது. ஓர் இரவு தங்குங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு முதன்மையான காரணம் இதுதான்.

கேள்வி: படகில் ஏறினாலே எனக்கு வாந்தி வரும். சாப்பாடு, தண்ணீர் எல்லாம் கட்டிக்கொண்டு போக வேண்டுமா?
– வாசகர், தருமபுரம்

பதில்: காலையில் பட்டினியாகவும் போகாதீர்கள், வயிறு முட்டவும் சாப்பிடாதீர்கள். இரண்டு இடியப்பமோ ஒரு வாழைப்பழமோ போதும். படகின் நடுப்பகுதியில், காற்றுப் படும்படி அமர்ந்து, கைத்தொலைபேசியைப் பார்க்காமல் தூரத்துக் கரையைப் பார்த்துக்கொண்டிருங்கள். இயந்திரப் புகை வரும் பக்கம் உட்கார வேண்டாம். மாத்திரை தேவைப்பட்டால் வைத்தியரிடம் கேட்டு, படகு புறப்படும்போது அல்ல, அதற்கு அரை மணித்தியாலமாவது முன்னதாக எடுக்க வேண்டும். உயிர்காப்பு அங்கி தந்தால், புழுக்கமாக இருந்தாலும் அணிந்துகொள்ளுங்கள்.

தண்ணீரைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். நெடுந்தீவில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் ஒரு சில இடங்களிலேயே உண்டு. சாராப்பிட்டிக் கிணறுகள் அவற்றுள் பெயர்பெற்றவை. வரட்சியில் தீவு மக்களே குடிநீருக்குக் காத்து நிற்கும்போது, விருந்தாளிகளாகப் போகும் நாம் நமக்கு வேண்டியதைக் கொண்டுபோவதுதான் முறை. கட்டுச்சோற்றை வாழையிலையில் கட்டுங்கள். பிளாஸ்டிக் போத்தல்களையும் பொலித்தீன் பைகளையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள், அவற்றை அகற்றத் தீவில் வசதி குறைவு. ஆனால் எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டும் போக வேண்டாம். ஒரு நேரச் சாப்பாட்டையாவது தீவில் முன்கூட்டியே சொல்லிச் சமைப்பித்தால், புதிய மீன் குழம்போடு சாப்பிடலாம், அவர்களுக்கும் நாலு காசு சேரும்.

கேள்வி: எங்களுக்கு விடுமுறை ஓகஸ்ட் மாதத்தில்தான் கிடைக்கிறது. அப்போது எந்தத் தீவுக்கும் போக முடியாதா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: போகலாம், ஆனால் கிழக்குக் கடலுக்குப் போங்கள். வடமேற்கே சோழகம் வீசும் காலத்தில் திருகோணமலைக் கடல் அமைதியாக இருக்கும். நிலாவெளிக் கரைக்கு எதிரே ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ள புறாத்தீவு 2003ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாக்கப்பட்டது. நுழைவுச்சீட்டைப் பெற்றுக்கொண்டு, கரையிலிருந்து படகில் சில நிமிடங்களில் சேரலாம். முகமூடி அணிந்து மிதந்தபடி பவளப்பாறைகளையும் வண்ண மீன்களையும் பார்க்கலாம். கால் ஊன்ற இடம் தேடிப் பவளத்தின் மேல் நிற்பவர்களால்தான் அங்கே பெரும் அழிவு நேர்கிறது. நீந்தத் தெரியாதவர்கள் மணற்கரையோடு நின்றுகொள்வது அவர்களுக்கும் நல்லது, பவளத்துக்கும் நல்லது. கொக்கிளாய்க் களப்பு குறுக்கே கிடப்பதால் கரையோரமாக நேரே போக நினைக்காமல், வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகச் செல்லுங்கள். சனி, ஞாயிறு நாட்களைத் தவிர்த்து, காலையிலேயே தீவுக்குப் போய்விடுவது சிறந்தது.

கேள்வி: என் தாயாருக்கு எழுபது வயது கடந்துவிட்டது, முழங்கால் வருத்தம். படகில் ஏற மாட்டார். ஆனால் ஒரு தீவையாவது பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்.
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: மன்னாருக்கு அழைத்துச் செல்லுங்கள். மன்னார் ஒரு தீவு என்பதைப் பாலத்தைக் கடக்கும்போது பலர் நினைப்பதே இல்லை. மாங்குளம், மல்லாவி, வெள்ளாங்குளம் வழியாக இறங்கினால், போகும் வழியிலேயே பாலாவிக் கரையில் திருக்கேதீச்சரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலத்தில் அம்மா கும்பிட்டுவிட்டு ஆறுதலாக இருக்கட்டும். மார்கழி முதல் மாசி வரை போனால், பாலத்துக்கு இருமருங்கிலுமுள்ள சேற்று நிலங்களில் பூநாரைகள் நிற்பதை வாகனத்தில் இருந்தபடியே காணலாம். பள்ளிமுனையில் ஒரு பெரிய பெருக்கமரம் உண்டு, அதற்கும் நெடுநேரம் நடக்கத் தேவையில்லை. தலைமன்னாரில் பழைய துறைக்குப் போய், 1964ஆம் ஆண்டுப் புயல் தனுஷ்கோடியை அழிப்பதற்கு முன் இந்தியாவுக்குக் கப்பலும் ரயிலும் தொடர்பாக ஓடிய கதையை அம்மாவிடமே கேளுங்கள். அந்தத் தலைமுறையில் பலருக்கு அது கேட்ட கதையல்ல, தம் உறவினர் போய்வந்த கதை.

கேள்வி: கிளிநொச்சி மாவட்டத்துக்குள்ளேயே இரணைதீவு இருக்கிறதே, அங்கே சுற்றுலா போகலாமா?
– வாசகர், முழங்காவில்

பதில்: உங்கள் அயலிலுள்ள இரணைமாதாநகரில் வாழ்பவர்களைக் கேட்டால் இதற்குச் சரியான விடை கிடைக்கும். 1992ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்த இரணைதீவு மக்கள், ஏறத்தாழ ஒரு வருடம் தெருவோரக் கொட்டகையில் இருந்து போராடி, 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் தாங்களாகவே திரும்பினார்கள். போராட்டத்தில் முன்னே நின்றவர்கள் பெண்கள். அவர்கள் அங்கே நண்டுக்கும் மீனுக்கும் கடலட்டைக்கும் போய், இடிந்த வீடுகளைச் சிறிது சிறிதாக எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். விடுதியோ கடையோ எதிர்பார்த்துப் போகும் இடமல்ல அது. ஒலிபெருக்கியும் மதுப்போத்தலுமாக வள்ளம் பிடித்துப் போகும் கூட்டங்கள் அந்தக் கரையில் இறங்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அங்கே குடும்பம் உள்ள ஒருவர் உங்களை அழைத்தால், அல்லது செபமாலை மாதா ஆலயத் திருவிழாவுக்குப் பங்கு மக்களோடு சேர்ந்து போக இடம் கிடைத்தால், தயங்காமல் போங்கள். போகும்போது அவர்களுக்கு என்ன தேவை என்று முதலிலேயே கேட்டு, அரிசியோ குடிநீரோ அதை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போங்கள். திரும்பும்போது நண்டும் கருவாடும் அவர்களிடமே, அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்கி வாருங்கள்.