துத்தநாகக் கார்பனேட் கனிமம் ஸ்மித்சோனைட்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: சார், ஸ்மித்சோனைட் என்று சொல்லி ஒரு நீலப்பச்சைக் கல் கொடுத்தார்கள். திராட்சைக் குலை போல உருண்டை உருண்டையாக இருக்கிறது. நிஜமா என்று எப்படிப் பார்ப்பது?

நிறத்தையும் உருவத்தையும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஹெமிமார்பைட் (துத்தநாகச் சிலிகேட்), கிரைசோகொல்லா (செம்புச் சிலிகேட்), சாயமேற்றிய கால்சிடோனி (குவார்ட்ஸ் வகை) எல்லாமே இப்படி இருக்கும். முதலில் எடை பாருங்கள். ஸ்மித்சோனைட்டின் ஒப்படர்த்தி, அதாவது அதே கனஅளவு நீரைப்போல எத்தனை மடங்கு எடை என்பது, 4.4 சுமார். ஹெமிமார்பைட் 3.4, கால்சிடோனி 2.6.

ஒரு டிஜிட்டல் தராசு போதும். கல்லை முதலில் அப்படியே நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்துச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, முழுவதும் முங்கும்படியும், அடியிலோ பக்கத்திலோ படாமலும் தொங்க விடுங்கள். இப்போது தராசு காட்டுவது கல் விலக்கிய நீரின் எடை. கல் 124 கிராம், தராசில் 28 வந்தால், 124-ஐ 28-ஆல் வகுக்க 4.43. அது ஸ்மித்சோனைட்டோடு பொருந்துகிறது. அதே கல் ஹெமிமார்பைட்டாக இருந்தால் தராசு 36 பக்கம் போயிருக்கும். தாய்ப்பாறை ஒட்டிக்கொண்டிருந்தால் கணக்குக் குறையும், அதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: அண்ணா, அமிலத்தில் நுரைத்தால் போதாதா? நான் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டேன், ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை.

அதனாலேயே கல்லை ஒதுக்கிவிடாதீர்கள். கால்சியம் கார்பனேட்டான கால்சைட் குளிர்ந்த அமிலத்திலேயே பொங்கும். ஸ்மித்சோனைட் அப்படியில்லை, மந்தமாகத்தான் வினைபுரியும். ஒரு மூலையில் கொஞ்சம் சுரண்டித் தூளாக்கி, அமிலத்தை இளஞ்சூடாக்கிச் சொட்டுங்கள், குமிழி நன்றாகத் தெரியும். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். ஹெமிமார்பைட் சிலிகேட் என்பதால் அதில் கரியமில வாயுக் குமிழி வராது. அமிலத்தில் கரைந்து கூழ் போன்ற சிலிக்கா மிஞ்சும்.

கேள்வி: இதை வகைப்பாட்டில் எங்கே வைக்கிறார்கள்? கால்சைட்டோடு ஏன் சேர்க்கிறார்கள், துத்தநாகத்துக்கும் கால்சியத்துக்கும் என்ன உறவு?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. வாய்பாடு ZnCO₃. கார்பனேட் வகுப்பு, கால்சைட் குழு, முக்கோணப் படிகத் தொகுதி; கனிமங்களை வேதியியல்படி எண்ணிட்டு அடுக்கும் ஸ்ட்ரன்ஸ் வகைப்பாட்டில் 5.AB.05. உறவு தனிமங்களுக்கு இடையில் இல்லை, அயனியின் அளவில் இருக்கிறது. கார்பனேட்டில் உலோக அயனி சிறியதாக இருந்தால் அதைச் சுற்றி 6 ஆக்சிஜன் அமர்ந்து கால்சைட் அமைப்பு வரும். பெரியதாக இருந்தால் 9 ஆக்சிஜன் சூழ்ந்து அராகோனைட் அமைப்பு வரும். கால்சிய அயனியின் ஆரம் ஏறக்குறைய 1.00 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), எல்லையில் நிற்கிறது. அதனால்தான் அதற்குக் கால்சைட், அராகோனைட் இரண்டும் உண்டு. துத்தநாகம் 0.74தான். மக்னீசியம், இரும்பு, மாங்கனீசு, கோபால்ட் எல்லாம் அதே பக்கம். மக்னீசியம், இரும்பு, மாங்கனீசுக் கார்பனேட்டுகளான மாக்னசைட், சிடரைட், ரோடோகுரோசைட் ஆகியவை இதன் உடன்பிறப்புகள்.

இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். மூன்று திசையில் சாய்சதுரமாக உடையும் பிளவு கால்சைட் குழுவின் அடையாளம். துத்தநாகம் இருக்கும் இடத்தில் இரும்போ மாங்கனீசோ எளிதாக உட்கார்ந்துகொள்ளும். நிறங்கள் இத்தனை வருவதற்கும் இந்த இடமாற்றம் ஒரு பெரிய காரணம்.

கேள்வி: எந்த நிறத்துக்கு எது காரணம்?

தூய கனிமத்துக்கு நிறமில்லை. கோபால்ட் இளஞ்சிவப்பும், செம்பு பச்சை, நீலமும், இரும்பு பழுப்பும் தரும். பளிச்சென்ற மஞ்சள் பல நேரம் காட்மியம் சல்பைடான கிரீனோகைட்டின் நுண்துகள்களால் வருவது. நியூ மெக்சிகோவின் கெல்லி சுரங்கத்து நீலப்பச்சைக் கற்களும், நமீபியாவின் சுமெப் படிகங்களும் சேகரிப்பாளர்களிடம் பேர்போனவை.

கேள்வி: பழைய நூல்களில் கலமைன் என்று வருகிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

பாதி ஒன்று. பித்தளை செய்ய உதவிய துத்தநாகக் கற்களை எல்லாம் ஒரே பெயரில் அழைத்தார்கள். பிரிட்டிஷ் வேதியியலாளர் ஜேம்ஸ் ஸ்மித்சன் பல மாதிரிகளைப் பகுத்தாய்ந்து, அவற்றில் கார்பனேட்டும் சிலிகேட்டும் வெவ்வேறு கனிமங்கள் என்று காட்டினார். 1803-இல் அது அச்சானது. 1832-இல் பிரெஞ்சுக் கனிமவியலாளர் பெடான் கார்பனேட்டுக்கு ஸ்மித்சனின் பெயரைச் சூட்டினார். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் உருவாகச் சொத்தை எழுதிவைத்தவரும் ஸ்மித்சனே.

கேள்வி: மண்ணுக்குள் எப்படி உருவாகிறது?

துத்தநாக சல்பைடான ஸ்பேலரைட் மேல்மட்டத்தில் காற்றும் நீரும் பட்டு ஆக்சிஜனேற்றம் அடையும். கரைந்த துத்தநாகம் இறங்கிப் போய்ச் சுண்ணாம்புப் பாறையைத் தொடும்போது கார்பனேட்டாகப் படியும். சில சமயம் கால்சைட் படிகத்தின் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே முழுவதும் ஸ்மித்சோனைட்டாக மாறியிருக்கும். கூடவே இன்னொரு துத்தநாகக் கார்பனேட்டான ஹைட்ரோசிங்கைட் வெள்ளைப் பூச்சாக இருந்தால் குறுகிய அலைப் புறஊதா விளக்கைக் காட்டுங்கள், நீலவெள்ளையாக ஒளிரும். அதில் ஹைட்ராக்சிலும் இருப்பதால் வகைப்பாட்டில் வேறு இடம்.

கேள்வி: மோதிரத்தில் பதிக்கலாமா?

வேண்டாம். மோஸ் கடினத்தன்மை அளவில் 4 முதல் 4.5 வரைதான், தெருப்புழுதியில் இருக்கும் குவார்ட்ஸே கீறிவிடும். பதக்கமாக அணியலாம். எலுமிச்சை, வினிகர் பக்கம் கொண்டுபோகாதீர்கள், மீயொலிக் கருவியில் கழுவாதீர்கள். ஒளி ஊடுருவும் கல் பட்டை தீட்டிக் கிடைத்தால் ஒரு பூதக்கண்ணாடி வைத்து மேலிருந்து பாருங்கள். உள்ளே நுழையும் ஒளி இரண்டு கதிராகப் பிரியும்; அவற்றின் ஒளிவிலகல் எண்கள் 1.62, 1.85 என அவ்வளவு விலகி இருப்பதால், பின்பக்க விளிம்புகள் இரண்டிரண்டாகத் தெரியும். கால்சைட்டைவிடவும் இதில் இரட்டை விலகல் அதிகம்.